வைட்டமின் மாத்திரையைத் தடை பண்ணப் போறாங்களாமே? கடைக்கு வருகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

உச்சிப்புளியில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் இருந்தும் வருவார்கள், பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் இருந்தும் வருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றும்: உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து வைட்டமின் மாத்திரைகளைத் தடை செய்யப் போகின்றன, மருந்துக் கம்பெனிகள் சொல்லித்தான் இது நடக்கிறது, இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. அது வந்த மறுநாள் நாலு பேராவது ஆறு மாத மாத்திரையை மொத்தமாகக் கேட்டு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இல்லாததால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, வைட்டமின் மாத்திரையை எல்லாம் உலக நாடுங்க சேர்ந்து தடை பண்ணப் போகுதாமே, நெசமா?

இல்லை. வைட்டமினைத் தடை செய்யும் உலகச் சட்டம் என்று ஒன்று கிடையாது. குரல்பதிவில் பேசுகிறவர் குறிப்பிடுவது 2005-ல் கோடெக்ஸ் என்ற அமைப்பு ஏற்றுக்கொண்ட ஒரு வழிகாட்டுதலை. இருபது வருடப் பழைய சங்கதி. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு எல்லா நாட்டிலும் இது கட்டாயமாகிவிடும், அதற்கப்புறம் வைட்டமின் சி கூட டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் அப்போதே ஒரு வதந்தி ஓடியது. அந்தத் தேதி வந்து போய்விட்டது. மாத்திரை இன்னமும் என் கடை அலமாரியில்தான் இருக்கிறது.

ஆனாலும் வெறும் வதந்தி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நான் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் முடிவு செய்யலாமா என்ற நியாயமான கேள்வி அதற்குள் இருக்கிறது.

கோடெக்ஸ்னா யாரு? அமெரிக்காக்காரனா?

இல்லை தம்பி. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-ல் தொடங்கிய உணவுத் தர ஆணையம் அது. முழுப் பெயர் கோடெக்ஸ் அலிமென்டாரியஸ். லத்தீனில் உணவுக்கான விதித்தொகுப்பு என்று பொருள். செயலகம் ரோமில் இருக்கிறது. இந்தியா உட்பட 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். இறாலில் எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம், டப்பா மேல் என்ன அச்சிட வேண்டும் என்பது மாதிரி விஷயங்களுக்கு அளவுகோல் எழுதுவதுதான் அதன் வேலை. நம் கரையில் இருந்து ஏற்றுமதியாகிற மீனுக்கும் இறாலுக்கும் கூட அந்த அளவுகோல் பொருந்தும்.

அந்த 2005 வழிகாட்டுதல்ல அப்படி என்னதான் எழுதியிருக்கு?

குரல்பதிவை அனுப்புகிற யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மொத்தமே சில பக்கம்தான். வைட்டமின், தாது மாத்திரைகளை உணவாகக் கருதும் நாடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மருந்தாகக் கருதும் நாட்டுக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் அளவில், அந்தச் சத்தின் தினசரித் தேவையில் 15 சதவீதமாவது இருக்க வேண்டும். பேருக்கு ஒரு துளி போட்டுவிட்டு சத்து மாத்திரை என்று விற்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. அதிகபட்சம் எவ்வளவு என்பதற்கு அதில் எண்ணே கிடையாது. எந்த அளவைத் தாண்டினால் கெடுதல் என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்து, சாப்பாட்டில் இருந்து கிடைப்பதையும் கணக்கில் எடுத்து முடிவு செய்யுங்கள் என்று வழிமுறையை மட்டும் சொல்கிறது.

அப்புறம் ஒரு வரி இருக்கிறது. தினசரித் தேவை அளவை மட்டுமே வைத்து உச்சவரம்பு போட்டுவிடக் கூடாது என்கிறது அது. எதிர்த்தவர்கள் எதை நினைத்துப் பயந்தார்களோ அதையே கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மிச்சமெல்லாம் லேபிள் பற்றியது: ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம், இது சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எங்கள் கடையில் தினமும் வாயால் சொல்வதுதான்.

அப்புறம் ஏன் வெளிநாட்டுல அத்தனை பேர் எதிர்த்தாங்க?

அமெரிக்காவில் இது 1970-களிலேயே தொடங்கிவிட்டது. வைட்டமின் வீரியத்துக்கு உச்சவரம்பு போட அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் முயன்றபோது மக்கள் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். 1976-ல் நாடாளுமன்றமே அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. 1990-களில் மறுபடியும் கிளம்பியது. நடிகர் மெல் கிப்சன் வீட்டுக்குள் துப்பாக்கியோடு அதிகாரிகள் புகுந்து வைட்டமின் சி-க்காக அவரைப் பிடிப்பது போல 1993-ல் தொலைக்காட்சி விளம்பரம் எல்லாம் வந்தது. 1994-ல் வந்த சட்டம், விற்பதற்கு முன் அனுமதி வாங்கத் தேவையில்லாத அளவுக்கு இவற்றுக்கு வழி விட்டது. இப்படிப் போராடி வாங்கியதை ரோமில் இருந்து ஒரு காகிதம் பறித்துவிடுமோ என்று அவர்கள் பயந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஐரோப்பாவில் பயத்துக்குக் காரணம் இன்னும் அருகில் இருந்தது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஆணை போட்டது: பட்டியலில் உள்ள வைட்டமின், தாது வடிவங்களை மட்டுமே மாத்திரையில் சேர்க்கலாம், பட்டியலில் இல்லாததை 2005 ஆகஸ்டு முதல் விற்க முடியாது. பிரிட்டனில் சிறு கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் வழக்குப் போட்டவர்களோடு நின்றார்கள். ஆணையில் குறை இருக்கிறது என்று 2005 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஆலோசகரே சொன்னார்; ஜூலை 12-ல் நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் முதல் வாரத்தில்தான் ரோமில் கோடெக்ஸ் வழிகாட்டுதலும் ஏற்கப்பட்டது. இரண்டும் அடுத்தடுத்த வாரம் நடந்ததால் மக்கள் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. நம் ஊர் குரல்பதிவிலும் அதே குழப்பம்தான்: ஐரோப்பாவின் பட்டியலை எடுத்து கோடெக்ஸ் தலையில் வைத்துப் பேசுகிறார்கள்.

அப்போ எதிர்த்தவங்க எல்லாரும் பொய்யா சொன்னாங்க?

அப்படிச் சொல்ல மாட்டேன். சிறு கம்பெனிகளால் ஒவ்வொரு பொருளுக்கும் ஆராய்ச்சிக் கோப்பு தயாரிக்க முடியாது, பெரிய கம்பெனிகளால் முடியும் என்று அவர்கள் சொன்னது உண்மை. கோடெக்ஸ் கூட்டங்களில் தொழில் சங்கங்கள் பார்வையாளராக உட்கார்ந்து பேசலாம், சாதாரண ஆள் டிக்கெட் போட்டு ஜெர்மனிக்கும் ரோமுக்கும் போக முடியாது என்பதும் உண்மை.

அதே நேரம் எதிர்ப்பை நடத்தியவர்கள் எல்லாரும் நம்மைப் போன்றவர்கள் என்று நினைத்துவிடவும் கூடாது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவரான மத்தியாஸ் ரத் என்ற ஜெர்மன் மருத்துவர் தானே வைட்டமின் விற்பவர். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வைட்டமின் கொடுத்து அவர் நடத்திய சோதனைகளை 2008-ல் கேப் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. மருந்துக் கம்பெனிக்கு லாப நோக்கு இருக்கிறது என்று சொல்கிறவர் வைட்டமின் கம்பெனிக்கும் அது இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சத்து மாத்திரைதானே, கூடப் போட்டா என்ன? வேண்டாதது மூத்திரத்துல போயிரும்ல?

சிலது போய்விடும், எல்லாம் போகாது. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் தங்கும். கர்ப்பிணி நாள்தோறும் 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக்குறை வர வாய்ப்பு உண்டு. ஆகவே மீன் எண்ணெய் மாத்திரை கேட்கும் பெண்களிடம், வைட்டமின் ஏ நிறைந்த ஈரல் எண்ணெயா, வெறும் மீன் எண்ணெயா, இப்போது எத்தனையாவது மாதம் என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. தண்ணீரில் கரையும் பி6-ஐக் கூட அளவு மீறி மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை கால் மரத்துப்போகும். நரம்புக்கு நல்லது என்று வாங்கிய மாத்திரையே நரம்பைக் கெடுக்கும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்று குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-ல் முடிவு வந்தபோது அதைச் சாப்பிட்டவர்களிடம் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் தின்பதில் பயமில்லை, மாத்திரை விஷயம் வேறு. உச்சவரம்பு வேண்டும் என்று கேட்பவர்களிடம் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன.

கட்டாயம் இல்லேங்கிறீங்க. கட்டாயம் இல்லாத காகிதத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

இந்தக் கேள்வியைக் கேட்டது தங்கச்சிமடத்தில் இருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். கோடெக்ஸ் எழுதுவதை ஏற்பதும் விடுவதும் ஒரு நாட்டின் விருப்பம். ஆனால் 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, உணவுப் பாதுகாப்பு வழக்கு என்று வந்தால் கோடெக்ஸ் தரத்தை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதன்பின் காகிதத்துக்குப் பல் முளைத்துவிட்டது.

உதாரணம் வைட்டமின் இல்லை, மாட்டிறைச்சி. மாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோன் போடுவது பற்றிய தரத்தை 1995-ல் கோடெக்ஸ் ஓட்டெடுப்பில் ஏற்றது: ஆதரவு 33, எதிர்ப்பு 29. அத்தனை நெருக்கம். அந்த இறைச்சியை வாங்க ஐரோப்பா மறுத்தது, வர்த்தக அமைப்பில் 1998-ல் தோற்றது, 1999-ல் அமெரிக்கா ஐரோப்பியப் பொருள்களுக்குத் தண்டனை வரி போட்டது. இத்தனைக்கும் அப்புறமும் ஐரோப்பா ஹார்மோன் இறைச்சியை உள்ளே விடவில்லை. ஆக, கோடெக்ஸ் ஒரு நாட்டின் கையைக் கட்டிவிடாது, ஆனால் மீறினால் செலவு வைக்கும். அதனால்தான் "விருப்பம்தானே" என்ற பதிலை எதிர்ப்பாளர்கள் நம்பவில்லை. அந்த இடத்தில் அவர்கள் சந்தேகப்பட்டது சரி என்றே நினைக்கிறேன்.

நம்ம நாட்டுல என்ன சட்டம்?

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று மருந்து உரிமத்தில் தயாராவது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் பல வைட்டமின் மாத்திரைகள் இதில் வரும். இன்னொன்று உணவாக விற்பது. அதற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் வெளியிட்டு 2018 ஜனவரி முதல் அமல்படுத்திய விதிகளும் உண்டு. உணவு வகை டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு இல்லை என்றும் அச்சிட்டிருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த 2016 விதிகள், உணவுத் துணை மாத்திரையில் சேர்க்கும் சத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சொல்லும் தினசரித் தேவையைத் தாண்டக் கூடாது என்றன. மேலே சொன்ன கோடெக்ஸ் வரியை நினைத்துப் பாருங்கள். தேவை அளவை மட்டும் வைத்து வரம்பு போடாதே என்றது ரோம். அதைவிடக் கடுமையாகப் போட்டது டெல்லி. குரல்பதிவில் ரோமைத் திட்டுகிறார்கள், நம் அலமாரியில் எது இருக்கலாம் என்று முடிவு செய்வது டெல்லியில் எழுதிய விதிதான்.

துபாய்ல இருந்து மகன் அனுப்புற டப்பாவைச் சாப்பிடலாமா?

கீழக்கரையில் இருந்து வரும் ஒரு லாத்தா போன வருடம் பையைத் திறந்து என் மேஜையில் வைத்தது இவ்வளவு: வளைகுடாவில் இருந்து மகன் அனுப்பிய டி3 மாத்திரை, நாளுக்கு 5,000 யூனிட். மருமகள் கொடுத்த மல்டிவைட்டமின் மாத்திரை, அதில் டி3 1,000. மூட்டு வலிக்கு வாங்கிய கால்சிய மாத்திரை, அதில் டி3 500. அப்புறம் இங்கே டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் டி3 பொடிப் பாக்கெட். எட்டு வாரத்தோடு நிறுத்தச் சொன்னதை நிறுத்தாமல் தொடர்ந்திருக்கிறார். சீட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன். சராசரியாக ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் யூனிட். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்களுக்கு 4,000-க்கு மேல் வேண்டாம் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அவருக்கு ஏற்கெனவே ஒரே தாகம், குமட்டல், மலச்சிக்கல். நோன்பால் வந்தது என்று நினைத்திருந்தார். ரத்தம் பார்த்ததில் கால்சியம் ஏறியிருந்தது.

நான்கு டப்பாவில் ஒன்றுகூடப் போலி கிடையாது. ஒவ்வொன்றும் அதனதன் நாட்டுச் சட்டப்படி சரி. நாட்டுக்கு நாடு வரம்பு வேறாக இருக்கும்போது கடல் தாண்டி வரும் டப்பாவைக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எல்லா நாட்டுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்பவர்கள் பக்கம் நான் கொஞ்சம் சாய்வது இந்த லாத்தாவை நினைத்துத்தான். வெளிநாட்டு டப்பா இருந்தால் எல்லாவற்றையும், டாக்டர் சீட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள், கூட்டிச் சொல்கிறேன். அதற்குக் காசு இல்லை.

அயோடின் உப்பை நம்ம தலையில கட்டுன மாதிரிதானே இதுவும்?

வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் கேட்டது. ஒற்றுமை உண்டு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடையை 2000-த்தில் மத்திய அரசே நீக்கியது, 2006-ல் மறுபடி கொண்டுவந்தது. தயாராகும் இடத்தில் 30 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 30 பங்கு), கடையில் 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். பாத்தியில் வாரிய உப்பை அப்படியே விற்றுப் பிழைத்த சிறு உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம், கலப்படத்தைத் தடுக்க வந்த சட்டத்தின் கீழ் இப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்த விதியைத் தவறு என்றது. ஆனால் உடனே எடுத்தால் மக்கள் ஆரோக்கியம் பாதிக்கும் என்று ஆறு மாதம் தொடரவும் விட்டது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதே தடை வந்துவிட்டது.

வித்தியாசமும் உண்டு. உப்பில் அரசு சேர்த்தே ஆக வேண்டும் என்கிறது, மாத்திரையில் இதற்கு மேல் சேர்க்காதே என்கிறது. அயோடின் இல்லாமல் கழுத்துக் கழலை வருவதும் குழந்தையின் மூளை வளர்ச்சி குறைவதும் உண்மை என்பதால் நான் அயோடின் உப்புப் பக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது அயோடினைப் பற்றி இல்லை. "எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களாம்மா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்களே, அதைக் கேக்க ஆள் இல்லையா?

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் அச்செடுத்து, நூறுக்கு ஒன்று என்று கலந்தது அது. தண்ணீரில் அந்த மணி மிதக்கும், கழுவும்போது அதைப் பொறுக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரும்பு கூடுதலாகச் சேர்வது பற்றி மருத்துவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. மூட்டை மேல் எச்சரிக்கை அச்சிட்டாலும் அதில் இருந்து அளந்து வாங்குகிறவர் கண்ணுக்கு அது எட்டாது. அப்படிக் கோளாறு வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

சித்த மருந்து, கடல்பாசி இதெல்லாம் இந்த விதியில வருமா?

சித்த மருந்துக்குத் தனி உரிமம், தனிச் சட்டப் பிரிவு. கோடெக்ஸின் வைட்டமின் வழிகாட்டுதல் அதைத் தொடவில்லை. அன்னபேதி செந்தூரத்துக்குத் தடை என்று வந்த செய்தியை நம்ப வேண்டாம்.

பாசி எடுக்கப் போகும் சின்னப்பாலம் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கம்பெனிகளுக்குத்தான் போடுகிறார்கள். அவை அகர், ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருள்களாகி வேறு வேலைக்குப் போகின்றன. ஆனால் இப்போது பாசிப்பொடியை இயற்கை அயோடின் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். பழுப்புப் பாசியில் அது எக்கச்சக்கமாக இருக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் வாங்காதீர்கள்.

அரசாங்கமே ஒன்பது மாசக் குழந்தைக்கு ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ ஊத்துது, எங்களுக்கு மட்டும் வரம்பா?

முன்பு நான் சொன்ன 10,000 தினமும் சாப்பிடுவதற்கு, அதுவும் கர்ப்பிணிக்கு. குழந்தைக்குக் கொடுப்பது ஒரே தடவை. அடுத்தடுத்த தடவைகள் குறைந்தது ஆறு மாத இடைவெளி விட்டு. ஈரலில் சேமித்து மெல்லச் செலவாகும். கண்பார்வையைக் காப்பாற்றுவதற்காக நர்ஸ் அட்டையில் குறித்துக் கொடுக்கிறார். அட்டையில் குறிக்காமல் இன்னொரு முகாமில் மறுபடி ஊற்றினால் அதுவும் தப்பு. அட்டையைத் தொலைக்காதீர்கள்.

மீன் திங்கிற நமக்கு மாத்திரையே எதுக்கு?

பி12-க்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சூடை, நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும். ஆனால் நம் பக்கம் பெண்கள் எல்லாருக்கும் ஆக்கிவிட்டுக் கடைசியில் குழம்பை ஊற்றித் தின்கிறார்கள், துண்டு அவர்கள் தட்டுக்கு வருவதில்லை. கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை, 180 நாளும், விடாமல் சாப்பிட வேண்டும். இந்த மாத்திரைக்கும் தடைச் செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குரல்பதிவைக் கேட்டுவிட்டு "கம்பெனி மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்திய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஏழாம் மாதத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

சரி, எனக்கு இந்த வரம்பு பிடிக்கலை. நான் என்ன செய்யலாம்?

எதிர்க்கலாம், அதற்கு வழி இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. புது விதி கொண்டுவரும்போது முதலில் வரைவாக வெளியிட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் அனுப்பலாம் என்று அறிவிக்கிறது. கோடெக்ஸில் இந்தியா சார்பில் தொடர்பு வைத்திருப்பதும் அதே அமைப்புதான். ஆனால் வரைவு வருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். வாலிநோக்கத்துப் பெரியவரும் கீழக்கரை லாத்தாவும் அதை எப்படிப் படிப்பார்கள்? தமிழில் வெளியிடுங்கள் என்று கேட்டு நான் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வரைவு வந்தால் அதன் சாரத்தைத் தமிழில் எழுதிக் கடை வாசலில் ஒட்டுகிறேன். ஆட்சேபம் எழுத வேண்டும் என்றால் மாலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.